எக்செல் மேக்ரோவைப் பட்டனில் இணைப்பது எப்படி? புறக்கோட்டைக் கடைக் கணக்கு ஒன்றோடு முழுமையான வழிகாட்டி

கொழும்பு, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மாலை ஐந்தரை மணி. வெளியே சுமை தூக்கும் நாட்டாமிமார் கடைசி லொறியில் வெங்காய மூடைகளை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். உள்ளே, கல்லாவுக்குப் பக்கத்தில், பில் எழுதும் பிள்ளை கொம்பியூட்டர் முன்னால் இருந்து அன்றைய கணக்கை மூடுவார். மொத்தத்தைக் கொப்பி பண்ணி, லெட்ஜர் ஷீட்டுக்குப் போய், கடைசி வரியைத் தேடி, அதன் கீழே ஒட்டி, திரும்பி வந்து பில் வரிகளை அழித்து, சேமித்து... ஒவ்வொரு நாளும் இதே வேலை. பசியோடும் பஸ் கவலையோடும் செய்யும்போது ஏதாவது ஒரு படி தவறிவிடும்.

அந்தக் கடைக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். இந்த வேலையை ஒரு மேக்ரோவாக, அதாவது எக்செல் தானாகத் திரும்பச் செய்யும் படிகளின் தொகுப்பாக, பதிவு செய்து, “ஆல்ட்டையும் எஃப்8ஐயும் சேர்த்து அழுத்துங்கோ, வரும் பட்டியலில் பெயரைத் தெரிவு செய்து ரன் கொடுங்கோ” என்று சொல்லிக்கொடுத்தேன். பட்டியலில் நான்கு பெயர்கள். அடுத்த நாளே தொலைபேசி வந்தது: “அண்ணா, இதில எதை அமத்துறது?” அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேக்ரோ எழுதுவது பாதி வேலை. எக்செலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் பயமில்லாமல் அழுத்தக்கூடிய இடத்தில் அதை வைத்துக் கொடுப்பது மற்றப் பாதி. இந்த வழிகாட்டி அந்த மற்றப் பாதியைப் பற்றியது.

நிரல் எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை. மேக்ரோவைப் பதிவு செய்தே எடுக்கப் போகிறோம்.

பைலைத் தயார் செய்தல்

முதலில் பைலின் வகை. எக்செல் 2007 முதல் சாதாரண பைல், அதாவது எக்ஸ்எல்எஸ்எக்ஸ், மேக்ரோவைத் தன்னுள் வைத்திருக்காது. ‘சேவ் ஆஸ்’ போய் ‘எக்செல் மேக்ரோ எனேபிள்ட் வொர்க்புக்’ என்ற வகையைத் தெரிவு செய்யுங்கள். பைல் பெயரின் முடிவு எக்ஸ்எல்எஸ்எம் என்று மாறும். இதைச் செய்யாமல் சேமித்தால் எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டும். அதை வாசிக்காமல் ‘யெஸ்’ கொடுத்தால் பட்டன் ஷீட்டில் அப்படியே நிற்கும், அதன் பின்னால் இருந்த மேக்ரோ மட்டும் போய்விடும். பைலைத் திறந்தவுடனேயே, வேலை தொடங்கும் முன்னரே, இந்தச் சேமிப்பை முடித்துவிடுங்கள்.

அடுத்து டெவலப்பர் தாவல். மேலே ரிப்பனில் அது தெரியாவிட்டால் ‘பைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘கஸ்டமைஸ் ரிப்பன்’ என்று போய், வலது பக்கப் பட்டியலில் ‘டெவலப்பர்’ என்பதற்கு எதிரே சரி போடுங்கள். மேக் கணினியில் எக்செல் மெனுவின் விருப்பங்களில் ‘ரிப்பன் அண்ட் டூல்பார்’ என்ற இடத்தில் இதே பெயர் இருக்கும்.

அப்புறம், தமிழில் வேலை செய்யும் நம் ஆக்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல். எக்செலின் செல்லில் தமிழ் அழகாக வரும், ஷீட்டின் பெயரும் தமிழில் இருக்கலாம். ஆனால் மேக்ரோ எழுதப்படும் நிரல்மொழியான விபிஏயின் எடிட்டர் பழைய காலத்து எழுத்து முறையில் ஓடுவது. தமிழும் சிங்களமும் அதற்குள் போனால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் நிற்கும். ஆகவே மேக்ரோ தொடப்போகும் ஷீட்களுக்கும், மேக்ரோவுக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். இடைவெளி விடக்கூடாது, எழுத்தில்தான் தொடங்க வேண்டும், வேண்டுமானால் அடிக்கோடு போடலாம். பட்டனின் மேல் என்ன எழுதுகிறீர்கள் என்பது வேறு விஷயம். அங்கே தமிழும் சிங்களமும் தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும்.

மேக்ரோவைப் பதிவு செய்தல்

எங்கள் கடையின் பைலையே உதாரணமாக எடுக்கிறேன். இரண்டு ஷீட்கள்: ஒன்று பில், மற்றது லெட்ஜர். பில் ஷீட்டில் ஏ2இல் இன்றைய திகதி, பி2இல் பில்களின் எண்ணிக்கை, சி2இல் மொத்தத் தொகை. மூன்றும் சூத்திரங்கள். 5ஆம் வரி தலைப்பு. 6 முதல் 205 வரை பில் வரிகள்: ஏயில் பில் இலக்கம், பியில் வாடிக்கையாளர், சியில் தொகை, டியில் வற் வரியை (பெறுமதி சேர் வரி) கணக்கிடும் சூத்திரம். லெட்ஜர் ஷீட்டில் முதல் வரி தலைப்பு, அதன் கீழே குறைந்தது ஒரு நாள் கணக்காவது ஏற்கெனவே இருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

லெட்ஜர் ஷீட்டில் நின்றபடி டெவலப்பர் தாவலில் ‘ரெக்கோர்ட் மேக்ரோ’வை அழுத்துங்கள். பெயர் கொடுங்கள். ‘ஸ்டோர் மேக்ரோ இன்’ என்ற இடத்தில் ‘திஸ் வொர்க்புக்’ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அங்கே ‘பெர்சனல் மேக்ரோ வொர்க்புக்’ இருந்தால் மேக்ரோ உங்கள் கணினியிலேயே தங்கிவிடும், கடைக் கணினியில் பட்டன் வேலை செய்யாது. ஓகே கொடுத்த கணத்திலிருந்து நீங்கள் செய்வதெல்லாம் பதிவாகும். அவசரப்படத் தேவையில்லை, பதிவாகுவது செயல்கள் மட்டும்தான், எடுத்த நேரம் அல்ல.

1. கன்ட்ரோல் + எஸ். முதல் வேலையே சேமிப்பு. இதன் காரணத்துக்கு ஒரு தனிப் பகுதி வைத்திருக்கிறேன்.

2. பில் ஷீட்டின் தாவலை அழுத்தி, ஏ2 முதல் சி2 வரை தெரிவு செய்து, கொப்பி.

3. லெட்ஜர் தாவல். ஏ1ஐ அழுத்துங்கள். பிறகு கன்ட்ரோலைப் பிடித்தபடி கீழ் அம்பு. சுட்டி கடைசியாக எழுதிய வரியில் போய் நிற்கும்.

4. இப்போது டெவலப்பர் தாவலில் ‘யூஸ் ரிலேட்டிவ் ரெஃபரென்சஸ்’ என்பதை அழுத்துங்கள். பிறகு கீழ் அம்பு ஒரு தடவை.

5. ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ போய் ‘வேல்யூஸ் அண்ட் நம்பர் ஃபார்மட்ஸ்’ என்பதைத் தெரிவு செய்து ஓகே. வெறும் ‘வேல்யூஸ்’ கொடுத்தால் திகதி ஐந்து இலக்க எண்ணாகத் தெரியக்கூடும்.

6. ‘யூஸ் ரிலேட்டிவ் ரெஃபரென்சஸ்’ஸை மறுபடி அழுத்தி நிறுத்துங்கள். எஸ்கேப் ஒரு தடவை.

7. பில் தாவல். ஏ6 முதல் சி205 வரை தெரிவு செய்து டிலீட். டி பத்தியைத் தொடாதீர்கள், அங்கே சூத்திரம் இருக்கிறது. ஏ6ஐ அழுத்துங்கள்.

8. மறுபடி லெட்ஜர் தாவல். ‘ஸ்டொப் ரெக்கோர்டிங்’.

நான்காவது படியில்தான் முழு மேக்ரோவும் தங்கியிருக்கிறது. ரிலேட்டிவ் இல்லாமல் கீழ் அம்பை அழுத்தினால், பதிவுக்கருவி “அடுத்த வரிக்குப் போ” என்று எழுதாது. நீங்கள் நின்ற செல்லின் முகவரியை, உதாரணமாக ஏ48 என்று, அப்படியே எழுதிவிடும். நாளைக்கும் ஏ48, நாளை மறுநாளும் ஏ48. ஒவ்வொரு நாளின் கணக்கும் முந்தைய நாளின் மேல் ஏறி உட்காரும். ரிலேட்டிவ்வில் அழுத்தினால்தான் “இருக்கும் இடத்திலிருந்து ஒன்று கீழே” என்று பதிவாகும். அதே நேரம் ஏ1, ஏ6 போன்றவை மாறாத இடங்கள், ஆகவே அவற்றின்போது அது நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

லெட்ஜரில் ஒரு வரியாவது முன்பே இருக்க வேண்டும் என்றேன் அல்லவா? தலைப்பு மட்டும் இருந்தால் கன்ட்ரோல் + கீழ் அம்பு ஷீட்டின் அடிமட்டத்துக்கே, 10,48,576ஆவது வரிக்கே, போய்விடும். அதற்குக் கீழே வரி இல்லை. மேக்ரோ பிழை காட்டி நின்றுவிடும். லெட்ஜரின் ஏ பத்தியில் நடுவில் வெற்றுச் செல் இருந்தாலும் இடையிலேயே நின்றுவிடும், அப்போது புதுக் கணக்கு அந்த வெற்றுச் செல்லின் வரியிலேயே விழும்; அந்த வரியின் பி, சியில் ஏதாவது இருந்தால் அதன் மேல் எழுதிவிடும், திகதி வரிசையும் குலையும்.

பதிவின்போது எந்த வீதத்தையும் தொகையையும் கையால் தட்டாதீர்கள். தட்டியது அப்படியே மேக்ரோவுக்குள் உறைந்துவிடும். வற் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: 2022 ஜூனில் 12 சதவீதம், அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. வீதத்தை ஒரு செல்லில் வைத்து சூத்திரம் அதைப் பார்க்கும்படி செய்திருந்தால் அந்த ஒரு செல்லை மாற்றினால் போதும். சம்பள ஷீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கான 8, 12, நம்பிக்கை நிதிக்கான 3 என்ற சதவீதங்களுக்கும் இதே முறைதான்.

பட்டனாக ஒரு வடிவம்

இனிமேல்தான் பட்டன். எக்செலில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. நான் பரிந்துரைப்பது ஒன்றைத்தான்: சாதாரண வடிவம், ‘இன்செர்ட்’ தாவலில் ‘ஷேப்ஸ்’ என்று இருப்பது.

பில் ஷீட்டில், தலைப்புக்கு மேலே, முதல் நான்கு வரிகளுக்குள் அதை வையுங்கள். அந்த வரிகளை ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ மூலம் நிலைநிறுத்திவிட்டால், 150ஆவது பில்லில் நிற்கும்போதும் பட்டன் கண்ணுக்கு முன்னால் இருக்கும். மூலை வளைந்த செவ்வகத்தைத் தெரிவு செய்து, ஆல்ட் விசையைப் பிடித்தபடி வரையுங்கள். அது செல்களின் கோடுகளோடு தானாக ஒட்டி நேராக அமையும்.

வரைந்த உடனேயே தட்டத் தொடங்கினால் எழுத்து உள்ளே போகும். என்ன எழுதுவது என்பதில் நேரம் செலவழியுங்கள். ‘டே எண்ட்’ என்று நான் முதலில் எழுதினேன், ஒருவருக்கும் புரியவில்லை. ‘இன்றைய கணக்கை மூடு’ என்று எழுதியதும் கேள்விகள் நின்றன. எங்கள் கடையில் சிங்களம் பேசும் தம்பி ஒருவரும் மாலையில் பில் பார்ப்பார், ஆகவே அதன் கீழே சிறிய எழுத்தில் சிங்களத்திலும் ஒரு வரி. அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை ஒரு வினைச்சொல்லாக எழுதுங்கள்: மூடு, அச்சிடு, புதுப் பில் தொடங்கு.

எழுதி முடித்ததும் வெளியே ஒரு செல்லை அழுத்திவிட்டு, வடிவத்தின் விளிம்பில் வலது கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் ‘அசைன் மேக்ரோ’. பதிவு செய்த பெயரைத் தெரிவு செய்து ஓகே. பட்டியலில் வேறு பைல்களின் மேக்ரோக்களும் கலந்து வந்தால், கீழே ‘மேக்ரோஸ் இன்’ என்ற இடத்தில் ‘திஸ் வொர்க்புக்’கைத் தெரிவு செய்யுங்கள். வெளியே மறுபடி ஒரு செல்லை அழுத்தி, மவுஸை வடிவத்தின் மேல் கொண்டுபோனால் சுட்டி கை வடிவமாக மாறும். இணைப்பு விழுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இதன் பிறகு இடது கிளிக் என்றால் மேக்ரோ ஓடும். நிறத்தையோ எழுத்தையோ மாற்ற வேண்டுமென்றால் கன்ட்ரோலைப் பிடித்தபடி கிளிக் செய்யுங்கள், அல்லது வலது கிளிக். மேக்ரோவை ஓடவிடாமல் வடிவத்தைப் பிடிக்க இந்த இரண்டும்தான் எளிய வழி. இணைப்பை எடுத்துவிட வேண்டுமானால் மறுபடி ‘அசைன் மேக்ரோ’ போய் மேலே உள்ள பெயரை அழித்து ஓகே.

படம், ஐகன், கடையின் இலச்சினை, எழுத்துப் பெட்டி என எல்லாவற்றிலும் இதே முறையில் மேக்ரோ இணைக்கலாம்.

மற்ற இரண்டு வழிகளும்

டெவலப்பர் தாவலில் ‘இன்செர்ட்’டை அழுத்தினால் இரண்டு கூட்டங்கள் வரும். மேலே ‘ஃபோர்ம் கன்ட்ரோல்ஸ்’, கீழே ‘ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல்ஸ்’. மேல் கூட்டத்தின் முதல் சின்னம்தான் பட்டன். அதை வரைந்து முடித்த கையோடு ‘அசைன் மேக்ரோ’ பெட்டி தானாகத் திறக்கும். அழுத்தும்போது உள்ளே போய் வருவது போலத் தெரியும், அது நல்லது. ஆனால் அதன் பின்னணி நிறத்தை மாற்ற முடியாது. ஒரு ஷீட்டில் ஒரே ஒரு பட்டன் என்றால் பரவாயில்லை. மூன்று பட்டன்கள் இருந்து மூன்றும் சாம்பல் நிறமென்றால், அழிக்கும் பட்டனையும் அச்சிடும் பட்டனையும் கண் பிரித்தறியாது.

ஆக்டிவ்எக்ஸ் பட்டனைத் தொடாதீர்கள். மேக் கணினியில் அது ஓடாது. திரையின் அளவு மாறும்போது, புரொஜெக்டரில் போடும்போது, தானாகச் சுருங்கும், பெரிதாகும். 2024 முதல் புதிய ஆபீஸில் மைக்ரோசொஃப்ட் அதை இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது.

பில்லோடு பட்டனும் அச்சாகாமல் இருக்க

வடிவம் ஷீட்டின் பகுதியாகவே அச்சாகும். பச்சை நிறச் செவ்வகத்தோடு பில் வாடிக்கையாளரின் கைக்குப் போவது நன்றாக இல்லை. வலது கிளிக் செய்து ‘சைஸ் அண்ட் புரொப்பர்டீஸ்’ போங்கள். ‘புரொப்பர்டீஸ்’ என்ற பகுதியில் ‘பிரிண்ட் ஆப்ஜெக்ட்’ என்பதன் சரியை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் மேலே மூன்று தெரிவுகள் இருக்கும். ‘டோன்ட் மூவ் ஓர் சைஸ் வித் செல்ஸ்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் யாராவது பத்தியை மறைக்கும்போது பட்டன் நசுங்கி ஒரு கோடாகிவிடும், அதைத் தேடி ஒரு பகல் போகும். அப்படித் தொலைந்ததைத் தேட ஆல்ட் + எஃப்10 உதவும், ஷீட்டில் இருக்கும் எல்லா வடிவங்களின் பெயர்களையும் அது காட்டும்.

மேக்ரோ ஓடிய பின் திரும்ப முடியாது

இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எக்செலில் கன்ட்ரோல் + இசெட் அடித்துத் தவறைத் திருத்திப் பழகியவர்கள் நாங்கள். மேக்ரோ ஷீட்டில் எதையாவது மாற்றிவிட்டால், அந்தப் பின்னோக்கிய பட்டியல் முழுவதும் துடைக்கப்பட்டுவிடும். மேக்ரோ செய்ததையும் திருப்ப முடியாது, அதற்கு முன் நீங்கள் செய்ததையும் திருப்ப முடியாது.

வேறொரு கடையில், இது தெரியாமல், அழிக்கும் பட்டன் ஒன்றைச் செய்து கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கணக்கு லெட்ஜருக்குப் போகும் முன்னரே அந்தப் பட்டன் அழுத்தப்பட்டது. 64 பில்கள். சேமித்தும் இருக்கவில்லை. கார்பன் கொப்பிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரவு எட்டரை வரை நானும் அந்தக் கடைக் கணக்குப்பிள்ளை ஐயாவும் ஒவ்வொரு பில்லாகத் திரும்ப ஏற்றினோம். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

அதன் பிறகு நான் செய்யும் எந்த மேக்ரோவின் முதல் படியும் சேமிப்புத்தான். பட்டன் அழுத்தப்பட்டவுடன் அந்த நிமிடம் வரையான கணக்கு பைலில் பத்திரமாகிவிடும். தவறுதலாக அழுத்தினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பைலைச் சேமிக்காமல் மூடி, மறுபடி திறப்பது. எல்லாம் இருந்தபடி இருக்கும். இதற்காகவே மேக்ரோவின் கடைசியில் சேமிப்பு வைக்கவில்லை. லெட்ஜரில் புது வரி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மனிதர் கையால் சேமிக்கட்டும். பைல் ஒன்டிரைவில் இருந்து ‘ஓட்டோசேவ்’ இயங்கினால் இந்த முறை பலிக்காது, அங்கே ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் பழைய பதிப்பைத் தேடி எடுக்க வேண்டும். நான் கடைப் பைல்களில் ஓட்டோசேவை நிறுத்தியே வைத்திருக்கிறேன்.

பதிவின் கடைசிப் படியில் லெட்ஜர் ஷீட்டில் வந்து நின்றதற்கும் காரணம் உண்டு. பட்டன் இருப்பது பில் ஷீட்டில். மேக்ரோ முடியும்போது திரை லெட்ஜருக்கு மாறிவிடுவதால், “வேலை நடந்ததோ தெரியவில்லை” என்று மறுபடி அழுத்த அங்கே பட்டன் இருக்காது. இரண்டாம் தரம் அழுத்தினால் லெட்ஜரில் பூச்சியம் ரூபாவோடு இன்னொரு வரி விழும். புது வரி கண்முன்னால் தெரிவதே நடந்துவிட்டது என்பதற்கான பதிலும்கூட.

பல பட்டன், ஒரு மேக்ரோ

விபிஏ கொஞ்சம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது. களஞ்சிய ஷீட்டில் பருப்பு, சீனி, வெங்காயம், கிழங்கு, செத்தல் மிளகாய் என்று ஐந்து வடிவங்கள் வைத்து, எதை அழுத்தினாலும் அந்தச் சாமானின் வரிகள் மட்டும் தெரியும்படி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மேக்ரோ எழுதத் தேவையில்லை. ‘ஆப்ளிகேஷன்’ என்பதன் ‘கோலர்’ என்ற பண்பு, எந்த வடிவம் அழுத்தப்பட்டது என்று அதன் பெயரைச் சொல்லும். அந்தப் பெயரைக் கொண்டு வடிவத்தைப் பிடித்து, அதன் மேல் எழுதியிருக்கும் சொல்லை எடுத்து, அதையே வடிகட்டியில் போட்டால் முடிந்தது. எடிட்டரில் ஒரு தமிழ் எழுத்தைக்கூடத் தட்டாமல் தமிழ்ச் சொல்லால் வடிகட்டுகிறோம். கேள்விக்குறிச் சிக்கலிலிருந்து தப்ப நான் கண்ட மிக நேர்த்தியான வழி இதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். பெயர் வைத்த வடிவத்தைக் கொப்பி பண்ணினால் மேக்ரோவோடு பெயரும் அப்படியே வரும். ஒரே பெயரில் இரண்டு வடிவங்கள் இருந்தால் எது அழுத்தப்பட்டது என்று பிரித்தறிய முடியாது. சூத்திரப் பட்டையின் இடது பக்கம் உள்ள பெயர்ப் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் கொடுத்து என்டர் அடியுங்கள். அடுத்தது, இந்த மேக்ரோவை ஆல்ட் + எஃப்8 மூலம் ஓட்டிப் பார்த்தால் பெயர் கிடைக்காமல் பிழைதான் வரும். வடிவத்தை அழுத்தியே சோதியுங்கள்.

ஒரு ஷீட்டிலிருந்து இன்னொரு ஷீட்டுக்குத் தாவுவது மட்டும்தான் வேலை என்றால் மேக்ரோவே வேண்டாம். வடிவத்தில் வலது கிளிக், ‘லிங்க்’, ‘பிளேஸ் இன் திஸ் டொக்யுமென்ட்’. போதும்.

ஷீட்டைப் பூட்டியிருந்தால்

பூட்டிய ஷீட்டிலும் பட்டன் அழுத்தப்படும், ஆனால் மேக்ரோ பூட்டிய செல்லில் எழுதப் போனால் 1004 என்ற பிழை எண்ணோடு நிற்கும். எளிய வழி: கடவுச்சொல் இல்லாமல் பூட்டுங்கள். பதிவின்போது சேமிப்புக்கு அடுத்து ‘அன்புரொடெக்ட்’, முடிவில் ‘புரொடெக்ட்’ இரண்டையும் செய்தால் அவையும் பதிவாகும். கடவுச்சொல் வைத்தால் பதிவுக்கருவி அதை எழுதாது, ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டு நிற்கும். கைதவறி அழிப்பதைத் தடுக்கத்தானே பூட்டுகிறோம், அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை.

அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால்

பெரும்பாலும் காரணம் பாதுகாப்பு அமைப்பு. பைலைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வந்தால் ‘எனேபிள் கொன்டென்ட்’ அழுத்துங்கள். சிவப்புப் பட்டை வந்தால் அந்தப் பட்டன் இருக்காது. 2022இலிருந்து இணையம் வழியாக வந்த பைல்களின் மேக்ரோக்களை மைக்ரோசொஃப்ட் முழுவதுமாகத் தடுத்துவிட்டது. மின்னஞ்சலில் அனுப்பியதும் வாட்ஸ்அப் வெப்பில் இறக்கியதும் இதில் சேரும். பைலை மூடி, கோப்புறையில் அதன் மேல் வலது கிளிக், ‘புரொப்பர்டீஸ்’, அடியில் ‘அன்பிளொக்’ என்பதற்குச் சரி போட்டு ஓகே. யார் செய்த பைல் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். மேக்ரோவுக்குள் வைரஸ் வைத்து ‘இன்வொய்ஸ்’ என்ற பெயரில் அனுப்புவது பழைய தந்திரம், கடைகளுக்குத்தான் அது அதிகம் பொருந்தும்.

“மேக்ரோவை ஓட்ட முடியவில்லை” என்று செய்தி வந்து, அதில் வேறொரு பைலின் பெயர் தெரிந்தால், ஷீட்டை ‘மூவ் ஓர் கொப்பி’ மூலம் புதுப் பைலுக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள். ஷீட்டோடு பட்டன் வந்துவிட்டது, ஆனால் அது இன்னும் பழைய பைலில் உள்ள மேக்ரோவையே கூப்பிடுகிறது. மாதா மாதம் புதுப் பைல் தொடங்குகிறவர்கள் முழுப் பைலையும் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறு பெயரில் வையுங்கள், இந்தச் சிக்கல் வராது. மேக்ரோவின் பெயரை எடிட்டரில் மாற்றினாலும் இதே செய்தி வரும். பட்டனுக்குப் புதுப் பெயர் தெரியாது, மறுபடி இணைக்க வேண்டும்.

எக்செல் இல்லாத இடங்களில்

லிப்ரே ஆபீஸ் கல்க்கிலும் வடிவத்தில் வலது கிளிக் செய்து ‘அசைன் மேக்ரோ’ கொடுக்கலாம். கூகுள் ஷீட்ஸில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ மெனுவில் மேக்ரோவைப் பதிவு செய்து, ‘இன்செர்ட்’, ‘ட்ரோயிங்’ மூலம் ஒரு வடிவம் வரைந்து, அதன் மூலையில் தெரியும் மூன்று புள்ளியை அழுத்தி ‘அசைன் ஸ்கிரிப்ட்’ என்பதில் அந்தச் செயல்கூற்றின் பெயரைத் தட்ட வேண்டும். பட்டியல் வராது, எழுத்துப் பிழையில்லாமல் நீங்களேதான் தட்ட வேண்டும். முதல் தடவை அனுமதி கேட்கும்.

கைத்தொலைபேசியில் இவை எதுவும் ஓடாது. எக்செல் செயலியிலும், உலாவியில் திறக்கும் எக்செலிலும் விபிஏ மேக்ரோ இயங்காது. முதலாளி வீட்டிலிருந்து தொலைபேசியில் பைலைத் திறந்து பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு “பழுதாகிவிட்டது” என்று சொல்லுவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கையில் கொடுக்கும் நாள்

பைலின் ஒரு நகலை எடுத்து, பொய்க் கணக்குகள் பத்துப் பன்னிரண்டு போட்டு, அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். எங்கள் கடையில் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மவுஸைப் பட்டன் வரை கொண்டுபோனார், எடுத்தார், மறுபடி கொண்டுபோனார். “அண்ணா, அமத்தினா பில் எல்லாம் போயிடுமோ?” என்று கேட்டார். அழுத்தச் சொன்னேன். லெட்ஜர் வந்தது, புது வரி வந்தது. பிறகு அவரையே பைலைச் சேமிக்காமல் மூடித் திறக்கச் சொன்னேன். பில்கள் எல்லாம் இருந்தன. அதை மூன்று தடவை செய்து பார்த்தார்.

அடுத்த நாள் போனபோது பட்டனின் எழுத்தை மாற்றித் தரச் சொன்னார். ‘இன்றைய கணக்கை மூடு’ என்பதன் கீழே இன்னொரு வரி வேண்டுமாம்: ‘காசு எண்ணின பிறகு’. கன்ட்ரோலைப் பிடித்தபடி கிளிக் செய்து, அவரையே தட்டச் சொன்னேன்.